மூன்று பேர் என்று சொன்ன வீடு

கம்பவுண்டர் ஆத்மநாதனுக்கு அறந்தாங்கியிலிருந்து புதுக்கோட்டைக்கு மாற்றல் உத்தரவு வந்தது 1957-ஆம் வருஷம், ஆனி மாதத்தில். பெரிய ஆஸ்பத்திரி, ஒரு படி கூடுதல் சம்பளம். உத்தரவைப் படித்ததும் அவனுக்குச் சந்தோஷம்தான். வீட்டைப் பற்றிய கவலை அப்போது அவன் மனசில் இல்லை.

அவனோடு சேர்த்து வீட்டில் நாலு பேர். மனைவி மீனம்மாள், நாலு வயது மகள் உண்ணாமலை, அவனுக்கு ஒன்பது வயது மூத்த அக்கா செங்கமலம். சொந்த ஊர் ஆவுடையார்கோவிலுக்குத் தெற்கே ஒரு சின்னக் கிராமம். செங்கமலத்தை மீமிசல் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மூன்றாம் வருஷம் அவள் வலது புறங்கையில் வெள்ளையாக ஒரு பொட்டு விழுந்தது. அது விரலுக்கு இறங்கி, மறு கைக்கும் தாவி, உதட்டோரம் வந்து நின்றது. வைத்தியம் பார்த்துக்கொண்டு வரட்டும் என்று புருஷன் அவளைக் கொண்டுவந்து பிறந்த வீட்டில் விட்டான். அழைத்துப்போக அவன் வரவே இல்லை. அன்றிலிருந்து அவள் தம்பியோடுதான்.

வெறுமனே ஒண்டியிருந்தவள் இல்லை அவள். பிரசவத்தில் மீனம்மாளுக்கு ஜன்னி கண்டு மூன்று மாதம் படுக்கையில் கிடந்தபோது, பிள்ளையைக் குளிப்பாட்டி, பால் புகட்டி, ராவும் பகலும் தோளில் போட்டு வளர்த்தவள் செங்கமலம்தான். உண்ணாமலை முதலில் பேசிய பேச்சே ‘அத்தே’ என்பதுதான்.

அறந்தாங்கியில் அவள் கையை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. தெருவில் எல்லோருக்கும் அவளைத் தெரியும். கையும் அவளோடு சேர்ந்து தெரிந்துபோயிருந்தது. புதுக்கோட்டையில் அப்படி இருக்காது என்பதை ஆத்மநாதன் யோசிக்கவில்லை.

வீடு தேட அவனுக்குத் துணை வந்தவன் ரெங்கராஜ். ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் வேலை பார்ப்பவன், உள்ளூர்க்காரன், எந்த வீதியில் எந்த வீடு காலி என்பது அவனுக்கு அத்துப்படி. சமஸ்தானம் போய் ஒன்பது வருஷமாகியிருந்தது. அரண்மனைச் சம்பளத்தை நம்பிப் பெரிய பெரிய வீடாகக் கட்டியவர்கள், இப்போது கூடத்துக்கு நடுவே தட்டி வைத்து மறைத்து, பாதியை வாடகைக்கு விட்டார்கள். ஆனாலும் கம்பவுண்டர் சம்பளத்துக்கு ஒத்துவரும் வீடு சுலபத்தில் கிடைக்கவில்லை. பல்லவன் குளத்துப் பக்கம் இருபது ரூபாய்க்குக் குறைந்து பேச்சே இல்லை. மச்சுவாடியில் வாடகை கம்மி, ஆனால் ராத்திரி டூட்டி முடிந்து நடந்து வர முடியாத தூரம். ஒரு வீட்டில் விறகடுப்பு மூட்டக் கூடாது என்றார்கள். “பின்னே எதுல சோறாக்குறதாம்?” என்று ரெங்கராஜ் வாசலிலேயே கேட்டுவிட்டான்.

கடைசியில் திருக்கோகர்ணத்தில் பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு பகுதி கிடைத்து, குடும்பத்தை அழைத்து வந்தான். வீட்டுக்காரர் அன்னவாசலில் இருந்தார். வாடகைக்கு மட்டும்தான் வருவார். இன்னும் இரண்டு குடித்தனங்கள் உண்டு, எல்லோருக்கும் பொதுவாக ஒரு கிணறு. நாலாம் நாள் காலையில் செங்கமலம் தண்ணீர் இறைக்கும்போது பக்கத்துக் குடித்தனக்காரி அவள் கையைப் பார்த்தாள். மறுநாள் அந்தக் குடித்தனக்காரி குடத்தோடு வீதிக் குழாய்க்குப் போவதை மீனம்மாள் பார்த்தாள். மாதம் முடிந்து வந்த வீட்டுக்காரர் உட்காரக்கூட இல்லை.

“கம்பவுண்டரே, நீங்க படிச்சவரு. நான் சொல்லி நீங்க தெரிஞ்சுக்க வேண்டியதில்லை. மத்த ரெண்டு குடித்தனமும் போயிரும்போல இருக்கு.”

“அது தொத்து நோயில்லீங்க. பெரிய டாக்டரே சொல்லுவாரு. வேணும்னா எழுதி வாங்கித் தாரேன்.”

“எழுதி வாங்கிக் கிணத்துல ஒட்டவா முடியும்? பத்து நாளு டயம் எடுத்துக்கங்க.”

பத்து நாளைக்குள் வடக்கு வீதியில் வேறு வீடு பார்த்து முன்பணமும் கொடுத்தான். சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் வாசலில் நிறுத்தினார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு செங்கமலம்தான் முதலில் இறங்கினாள். வீட்டுக்காரர் படியில் நின்று பார்த்தார். உள்ளே போய் முன்பணத்தை அப்படியே எடுத்து வந்து ஆத்மநாதன் கையில் வைத்தார். வண்டிக்காரன் மாட்டைத் திருப்பும்போது வீதியில் நாலைந்து பேர் வேடிக்கை பார்த்தார்கள். செங்கமலம் முந்தானைக்குள் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உண்ணாமலை மட்டும், “அத்தே, இந்த வூடு இல்லையா?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

சாமானும் மனிதர்களுமாக ரெங்கராஜ் வீட்டு முன்னறையில் தங்கினார்கள். அவன் வீடே ஒன்றரை அறை. ஆறு நாள் ஆயிற்று. ரெங்கராஜின் பெண்சாதி முகம் சுளிக்காமல்தான் நடந்துகொண்டாள். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்களுக்குத் தட்டு வைத்துவிட்டு, செங்கமலத்துக்கு மட்டும் வாழை இலை போட்டாள். ஏழாம் நாள் ஆஸ்பத்திரியில் மருந்துக் குப்பி கழுவும் இடத்தில் ரெங்கராஜ் மெதுவாகச் சொன்னான்:

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. கீழ மூணாம் வீதியில ஒரு வீடு காலியாகுது. பிரகதாம்பாள்னு ஒரு அம்மா. அவுக வீட்டுக்காரரு அரண்மனை ஆபீசுல குமாஸ்தாவா இருந்து காலமானவரு. நல்ல மனுஷி. பத்து ரூவாய்க்கு விடுவாக. நீங்க மட்டும் போய்ப் பாருங்க. அக்கா பேச்சை எடுக்காதீங்க.”

அன்று சாயந்திரமே ஆத்மநாதன் தனியாகப் போனான். பிரகதாம்பாள் ஐம்பது வயதுக்கார அம்மாள். முன்கூடத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தை வைத்துவிட்டு எழுந்து வந்து பின்கட்டைத் திறந்து காட்டினாள். ஒரு அறை, சமையல்கட்டு, தனிக் கிணறு. சுவரில் புதுச் சுண்ணாம்பு. கிணற்றடியில் ஒரு முருங்கை மரம். தனிக் கிணற்றைப் பார்த்ததுமே, எப்படியும் இந்த வீட்டைப் பிடித்துவிட வேண்டும் என்று அவன் முடிவு செய்தான்.

“எந்த ஊருங்க தம்பி?”

“ஆவுடையார்கோவில் பக்கம்மா. ஆஸ்பத்திரியில கம்பவுண்டரு.”

“அப்பச் சரி. நமக்கு ஒரு தலைவலி காச்சலுன்னா வீட்டுலேயே ஆளு இருக்கும்.” அவள் சிரித்தாள். “எத்தனை பேரு இருப்பீக?”

சாதாரணக் கேள்வி. வீடு விடும் யாரும் கேட்பது. அந்த அம்மாள் மோட்டைப் பார்த்து ஏதோ ஓடு சரிந்திருக்கிறதா என்று கவனித்துக்கொண்டே கேட்டாள். நாலு என்று சொல்ல அவன் வாயெடுத்தான். முன்பணத்தைத் திருப்பி வைத்த அந்தக் கை கண்ணுக்குள் வந்தது.

“மூணு பேருங்கம்மா. நானு, சம்சாரம், ஒரு பொண்ணு.”

“கூடப் பொறந்தவுக யாரும் இல்லையா?”

“இல்லீங்க.”

அந்த இரண்டாவது பொய்க்கு அவசியமே இருக்கவில்லை. அக்கா ஊரில் இருக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவன் பின்னால் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறான்.

ரெங்கராஜ் வீட்டுக்கு வந்தபோது செங்கமலம் வாசலில் உட்கார்ந்து குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். மீனம்மாளும் எழுந்து வந்தாள்.

“வீடு அமைஞ்சிருச்சு,” என்றான். “ஆனா மூணு பேருக்கு மேல ஆகாதுன்னு அந்தம்மா கறாராச் சொல்லிட்டாக.”

சீப்பு தலையிலேயே நின்றது. செங்கமலம் கேட்டாள்: “என்னயப் பத்திச் சொன்னியா தம்பி?”

“சொன்னேன்க்கா.”

“கையைப் பத்தியுமா?”

“ம்.”

“அப்படின்னா சரிதான். அவுக வீடு, அவுக இஷ்டம். ஒளிச்சு வச்சுப் போயி, பொறவு அசிங்கப்படுறதுக்கு இது தேவலை.” பின்னலை முடித்து ரிப்பனைக் கட்டினாள். “நான் ஊருக்குப் போறேன். சித்தப்பா மகன் வீட்டுல இருந்துக்கிறேன். நீ மூஞ்சியைத் தொங்கப் போடாதே.”

“மூணே மாசம்க்கா. வேற வீடு பார்த்துட்டு நானே வந்து கூட்டிட்டு வாரேன்.”

மறுநாள் மத்தியானம் பஸ் ஏற்றிவிட்டான். உண்ணாமலை அத்தையின் சேலையை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. பஸ் கிளம்பும்போது செங்கமலம் ஜன்னல் வழியாக, “பிள்ளைக்கு எண்ணெய் தேச்சா உடனே குளிப்பாட்டிரச் சொல்லு. சளி புடிச்சுக்கும்,” என்று மட்டும் சொன்னாள்.

மூன்று மாதம் என்று அவன் பொய்யாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தான். ஆனால் பிரகதாம்பாள் வீடு அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. அந்த அம்மாள் முருங்கைக்கீரையை ஒடித்து மீனம்மாளிடம் கொடுப்பாள், உண்ணாமலையை மடியில் வைத்துக் கதை சொல்லுவாள், வாடகை பத்து நாள் தள்ளிப்போனாலும் கேட்கமாட்டாள். பொங்கல் கழியட்டும் என்றான். மீனம்மாள் இரண்டாவதாக உண்டாகி அது குறைப்பிரசவமாகப் போயிற்று. உடம்பு தேறட்டும் என்றான். ஒரு வருஷம் ஓடியது.

“மதினியை நெனைச்சா எனக்குச் சோறு இறங்கலை,” என்றாள் மீனம்மாள் ஒருநாள். “இந்தம்மா இவ்வளவு நல்லவுகளா இருக்காக. நான் வேணும்னா ஒரு வார்த்தை பேசிப் பாக்குறேன். தனிக் கிணறுதானே? இப்ப மனசு மாறியிருக்கும்.”

“நீ ஒண்ணும் பேச வேண்டாம்,” என்று ஆத்மநாதன் சத்தம் போட்டான். “பேசி, இருக்கிற வீட்டையும் கெடுத்துராதே.”

மீனம்மாள் திகைத்துப்போய்ப் பார்த்தாள். அவளிடம்கூட அவன் உண்மையைச் சொல்லியிருக்கவில்லை. வீட்டுக்கார அம்மாள் காதுபட அத்தை பேச்சை எடுக்கக் கூடாது என்று குழந்தையிடமும் சொல்லி வைத்திருந்தான். பிரகதாம்பாள் கெட்டவளாக இருந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அந்த அம்மாள் ஒவ்வொரு நல்லது செய்யும்போதும் அவன் சொன்ன பொய் இன்னும் கொஞ்சம் கனத்தது. இனிப் போய், ‘எனக்கு ஒரு அக்கா உண்டு’ என்று எப்படி ஆரம்பிப்பது?

ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு ஒரு விவசாயி தன் மகளை அழைத்து வந்திருந்தார். பதினாறு வயதிருக்கும். கழுத்திலும் கையிலும் வெண்படை. டாக்டர் பார்த்துவிட்டு, “ஆத்மநாதன், இவருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லுங்க,” என்று அனுப்பினார். அவன் எடுத்துச் சொன்னான். இது பெருநோய் இல்லை, தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் வராது, ஊரில் யார் என்ன சொன்னாலும் பிள்ளையை ஒதுக்கி வைக்காதீர்கள் என்றான். விவசாயி கையெடுத்துக் கும்பிட்டார். “தெய்வம் மாதிரிச் சொன்னீங்கய்யா,” என்றார். அந்தப் பெண் அழுதுவிட்டாள். ஆத்மநாதன் மருந்து கலக்குகிற சாக்கில் உள்ளே போய் நின்றுகொண்டான். வெகுநேரம் அவனால் வெளியே வர முடியவில்லை. அந்தச் சனிக்கிழமையே ஊருக்குப் போய் அக்காவை அழைத்து வருவது என்று தீர்மானித்தான். சனிக்கிழமை டூட்டி விழுந்தது. அடுத்த சனிக்கிழமை அவன் போகவில்லை.

இரண்டாம் வருஷக் கடைசியில் ஒரு கார்டு வந்தது. யாரோ எழுதிக் கொடுத்த கையெழுத்து. சித்தப்பா மகன் வீட்டில் கூட்டம் பெருத்துவிட்டதால் அறந்தாங்கிக்கு வந்து ஒரு நெல் மில்லில் அவித்த நெல் காயவைக்கிற வேலையில் சேர்ந்திருப்பதாகவும், சௌக்கியம் என்றும், உண்ணாமலைக்குப் பல் விழுந்து முளைத்துவிட்டதா என்றும் செங்கமலம் கேட்டிருந்தாள். அவன் வருஷத்துக்கு இரண்டு தடவை போய்ப் பார்த்து வந்தான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஏதாவது கடையில் உட்கார்ந்து பேசுவார்கள். அழைத்துப் போகிறேன் என்று அவனும் சொல்வதில்லை, எப்போது என்று அவளும் கேட்பதில்லை.

1965-இல் உண்ணாமலை பெரிய மனுஷியானாள். தலைக்குத் தண்ணீர் ஊற்ற அத்தை வர வேண்டும். மீனம்மாள் யாரையும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் போடச் சொல்லிக் கார்டை எழுதி ஆத்மநாதன் கையிலேயே கொடுத்துவிட்டாள். அவன் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தபால்பெட்டிக்கு முன்னால் நின்றான். பிறகு போட்டான்.

செங்கமலம் ஒரு பட்டுப் பாவாடையும் தட்டு நிறையப் பலகாரமுமாக வந்து இறங்கினாள். தலை பாதி நரைத்திருந்தது. வெள்ளை முழங்கை வரைக்கும் ஏறியிருந்தது. பின்கட்டு முழுக்கக் கூட்டம். பிரகதாம்பாள்தான் எல்லாவற்றையும் முன்னால் நின்று நடத்திக்கொண்டிருந்தாள்.

“அத்தை மொறைக்கு யாரு நிக்கிறா?” என்று அவள் கேட்டபோது மீனம்மாள் செங்கமலத்தின் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

“இவுகதாம்மா. இவருக்குக் கூடப் பொறந்த அக்கா.”

பிரகதாம்பாள் வந்தவளை மேலும் கீழும் பார்த்தாள். “கூடப் பொறந்த அக்காவா! எட்டு வருஷமா இருக்கீக, யாரும் இல்லேன்னுல்ல தம்பி சொல்லுச்சு?”

செங்கமலம் சிரித்தாள். “நானும் அப்பவே இங்கிட்டு வந்திருக்க வேண்டியதுதாங்க. மூணு பேருக்கு மேல ஆகாதுன்னு நீங்க சொன்னதுனால ஊருக்குப் போயிட்டேன். அதை நான் தப்பாவே நெனைக்கலை. ஒங்க வீடு, ஒங்களுக்கு ஒரு யோசனை இருக்கும்.”

“நானா? நான் எப்பச் சொன்னேன்?”

மஞ்சள் நீர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்த ஆத்மநாதன் அப்படியே நின்றான். மீனம்மாள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். செங்கமலமும் பார்த்தாள். ஒரு கணம்தான். அவள் முகத்தில் எல்லாம் புரிந்துபோனதை அவன் கண்டான். புரிந்த மாத்திரத்தில் அவள் பிரகதாம்பாள் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“எனக்குத்தான் ஞாபகப் பிசகா இருக்கும்ங்க. வேற எந்த வீட்டுலயோ சொன்னதைப் போட்டுக் கொழப்பிக்கிட்டேன். அப்ப வீடு வீடா அலைஞ்சோம்ல? தம்பி, அண்டாவை இங்கிட்டு வை. பிள்ளை ஈரத்தோட உக்காந்திருக்கு.”

அவளே முதல் சொம்பு தண்ணீரை ஊற்றினாள். உண்ணாமலை அத்தையின் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கூட்டத்தில் ஒருத்தி இன்னொருத்தியின் காதில் ஏதோ சொன்னாள். பிரகதாம்பாள் அவளை முறைத்தாள்.

செங்கமலம் சாயந்திர பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள். மில் வேலை இருக்கிறதாம். பஸ் ஸ்டாண்டு வரை ஆத்மநாதன் கூடவே நடந்தான். வெயிலைப் பற்றியும் நெல் விலையைப் பற்றியும் அவள் பேசிக்கொண்டே வந்தாள். பஸ் போய்விட்டது.

மீனம்மாள் அன்றிலிருந்து பத்து நாள் அவனோடு பேசவில்லை. பிரகதாம்பாள் மறுநாள் காலையில் அவனை முன்கூடத்துக்குக் கூப்பிட்டாள். கோபமாக இல்லை.

“நீங்க கேட்டிருந்தா நான் குடுத்திருப்பேனோ, மாட்டேனோ, எனக்கே தெரியாது தம்பி. அப்ப எனக்கும் பயம் இருந்திருக்கும். பொய் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க கேக்கவே இல்லையே. எம் பேரைச் சொல்லி அந்தப் பொம்பளையை அனுப்பிட்டீங்களே. போயி, நான் சொன்னேன்னு சொல்லிக் கூட்டிட்டு வாங்க.”

 

அந்த ஞாயிற்றுக்கிழமை அறந்தாங்கிக்குப் போனான். முதன்முறையாக அக்கா குடியிருக்கும் இடத்தைத் தேடிப் போனான். மில்லுக்குப் பின்னால் ஒரு ராவுத்தர் வீட்டுக் கொல்லையில் ஓட்டுக் கூரை போட்ட ஒற்றை அறை. துடைத்து வைத்தாற்போல் இருந்தது. ராவுத்தர் வீட்டுப் பெண் பிள்ளைகள் இரண்டு பேர் அவளிடம் பூத்தொடுக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள். அவனைக் கண்டதும் எழுந்து ஓடினார்கள்.

“இது எப்படிக் கெடைச்சுது ஒனக்கு?” என்று கேட்டான்.

“கேட்டேன், குடுத்தாக.” அடுப்பிலிருந்து சோற்றை இறக்கினாள். “மொதல்ல நாலு வீட்டுல இல்லேன்னுட்டாக. இங்கே வந்து அந்தம்மாகிட்ட ரெண்டு கையையும் நீட்டிக் காட்டிட்டுத்தான் வீடு கேட்டேன். பாத்தாக. வலிக்குமான்னு கேட்டாக. வலிக்காதுன்னேன். சரி, இருந்துக்கன்னுட்டாக.”

“அக்கா, அன்னைக்கு நான் அந்தம்மாகிட்டே...”

“சோறு ஆறுது. கையைக் கழுவிட்டு வா.”

“என்னோட வந்துரு அக்கா. பிரகதாம்பாள் அம்மாவே சொல்லி அனுப்பியிருக்காக. பிள்ளையும் ஏங்குது.”

அவள் குழம்பை ஊற்றினாள். நிதானமாகத்தான் சொன்னாள்: “வாரேன் தம்பி. நல்லதுக்கு வாரேன், கெட்டதுக்கு வாரேன். நாலு நாளு இருன்னா இருக்கேன். ஆனா குடியிருக்க வரலை. இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. யாருக்கும் பயந்து கையை மறைக்க வேண்டியதில்லை.” கொஞ்சம் பொறுத்து, “ஒம் மேல கோவம்னு நெனைச்சுக்காதே. ஒனக்கு அப்ப முப்பது வயசுகூட இருக்காது. புள்ளகுட்டியோட தெருவுல நின்னே,” என்றாள்.

அவள் திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பான். மன்னித்தவளிடம் என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. போட்டதைச் சாப்பிட்டுவிட்டு வந்தான்.

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை போனான். ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸ் கிடைத்துப் பெரிய வீட்டுக்குப் போனபோதும் கூப்பிட்டான். அவள் வந்து பால் காய்ச்சிக் கொடுத்து, மூன்று நாள் இருந்து, சமையல்கட்டில் சாமான்களை அடுக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

உண்ணாமலை ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு நாள் கேட்டாள்: “அத்தை ஏம்ப்பா நம்மளோட இல்லை? இந்த வூட்டுலதான் இடம் இருக்கே?”

எத்தனையோ தடவை கேட்ட கேள்விதான். ‘அத்தைக்கு மில்லுல வேலை’ என்று சொல்வது அவனுக்குப் பழகிப்போயிருந்தது. அன்றைக்கு அந்தப் பதில் வாயில் வரவில்லை.

“நான்தான்மா காரணம்,” என்றான். கீழ மூன்றாம் வீதியில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான்.

அவள் முழுவதையும் கேட்டாள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த வருஷம் முழுப் பரீட்சை லீவுக்கு அறந்தாங்கிக்குப் போனவள், பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்குக் காலை பஸ்ஸில்தான் திரும்பி வந்தாள்.